வீட்டைப் பார்த்த பக்கம்

செடியக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கன்று வாங்க வருகிறவரிடம், "உங்க வீட்டு மண்ணுக்கு இது வராதுங்க, வீணா தூக்கிட்டுப் போகாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுகிற ஆள் அவள். அவள் பொறுப்பில் இருந்த நாற்றுப் பண்ணை அரசாங்கத்துடையது என்பதால் பிழைத்தாள்; சொந்தக் கடையாக இருந்தால் ஒரே மாதத்தில் ஈ ஓட்டியிருப்பாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தாள். சொல்லி இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஒரு பொய் என்றாலும் சும்மா சொல்லக்கூடாது, ஊரே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

பண்ணை வாசலில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஓர் ஆப்பிரிக்க மகோகனி மரம் நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத சுற்றளவு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அதன் நிழலில்தான் நிற்பார்கள். அதன் பேர் யாருக்கும் வாயில் நுழையாததால் 'கசப்பு மரம்' என்று வைத்துக்கொண்டார்கள். பட்டையை வேகவைத்தால் அப்படி ஒரு கசப்பு! காய்ச்சல் என்றால் அந்தக் கஷாயம், வயிற்றுவலி என்றால் அது, குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறதா, அதற்கும் ஒரு மடக்கு. சொறி, அரிப்பு வந்தால் அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொள்வார்கள். பாதி பேருக்குக் குணமாகும். மீதிப் பேர் கசப்புக்குப் பயந்தே எழுந்து நடமாடிவிடுவார்கள் என்று செடியக்காவின் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டேங்கர்.

பண்ணைக்கு அந்த மரம்தான் தாய்மரம். வருஷத்துக்கு ஒருமுறை அதன் காய்கள், கட்டையில் கடைந்த பந்து மாதிரி இருப்பவை, வெயிலில் நாலாகப் பிளந்து சிறகு வைத்த விதைகளைப் பறக்கவிடும். அதைப் பொறுக்கிய சூட்டோடு விதைத்துவிட வேண்டும். டப்பாவில் போட்டு மூடி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் ஒன்றுகூட முளைக்காது. மண் மூடியும் மூடாமலும் தூவி, நிழல் வலைக்குக் கீழே மூன்று வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் செப்புக்கம்பி போல முளை எழும்பும். வருஷா வருஷம் பத்தாயிரம் கன்று அந்த ஒரு மரத்திலிருந்துதான் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் போனது.

செடியக்கா தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மரத்தின் கதி பரிதாபமாக இருந்தது. ஆளாளுக்குக் கத்தியோடு வந்து கண்ட இடத்தில் செதுக்கினார்கள். கத்திப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். பலகை எழுதி மாட்டினாள். பலகையையே கழற்றி ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிக்கொண்டார். முள்வேலி சுற்றினாள், அதைத் தள்ளிவைத்துவிட்டு உரித்துக்கொண்டு, போகும்போது பொறுப்பாகத் திரும்ப எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். மரத்தின் பட்டையைச் சுற்றி வளையமாக உரித்தால், மேலே இலை சமைத்த சாப்பாடு கீழே வேருக்கு இறங்காது. வேர் பட்டினி கிடந்து செத்துப்போகும். இதை அவள் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க நாதியில்லை.

ஒருநாள் ஓர் அம்மாள் கத்தியும் கையுமாக வந்து, "எந்தப் பக்கத்துப் பட்டைம்மா நல்லது?" என்று கேட்டாள். செடியக்கா அன்றைக்கு இருந்த கடுப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"காய்ச்சல்காரங்க படுத்திருக்கிற வீட்டைப் பார்த்த பக்கம்தான் மருந்து. மத்த பக்கமெல்லாம் வெறும் கட்டை. அதுவும் ஒரு கை அகலத்துக்கு மேல எடுத்தா மருந்து முறிஞ்சிடும்."

அந்தக் காலத்தில் வீடுகள் இருந்தது சாலைக்கு எதிர்ப்புறம் மட்டும்தான். மரத்துக்குப் பின்னால் பண்ணை, ஒரு பக்கம் குட்டை, இன்னொரு பக்கம் பொட்டல். ஆக எல்லோரும் சாலைப் பக்கத்தில் மட்டும் உரித்தார்கள், அதுவும் ஒரு கை அகலம் அளந்து. மற்ற மூன்று பக்கமும் தப்பித்தது. சாலைப் பக்கத்துக் காயமும் ஓரத்திலிருந்து மூடி, மேடும் பள்ளமுமாக ஆறிவிடும். கெஞ்சியபோது கேட்காத சனம் பொய் சொன்னதும் பெட்டிப்பாம்பாக அடங்கியதே என்று செடியக்காவுக்கு ஒரே குஷி. டேங்கரிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாள். பிறகு அது பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்காவிட்டாலும் அவளே கூப்பிட்டு வைத்துப் பாடம் மாதிரி ஒப்பிப்பாள்.

இதற்குள் குட்டையைத் தூர்த்து வீடு கட்டினார்கள். பொட்டலில் வரிசை வீடுகள் வந்தன. பண்ணையின் பின்பாதியைக் குடியிருப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் மனிதர்கள். இதெல்லாம் செடியக்காவின் கண் முன்னால்தான் நடந்தது. ஆனாலும் உறைக்கவில்லை. என்ன செய்வது, தான் சொன்ன பொய்யைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

போன மழைக்காலத்தில் செடியக்காவின் மகளுக்குப் பிரசவம். ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டுப் போனாள். அந்த ஐந்து வாரத்தில்தான் அந்தப் பகுதி முழுக்கக் காய்ச்சல் வந்தது, வீட்டுக்கு ஒருவர் பாயும் போர்வையுமாகப் படுத்தார்கள்.

திரும்பி வந்த அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மரத்தைப் பார்த்தாள். சாலைப் பக்கம் வழக்கம்போல நாலைந்து காயம். ஒரு எட்டு சுற்றி வந்தாள். அந்தப் பக்கமும் காயம். இன்னொரு எட்டு. அங்கேயும். இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரைக்கும், ஒரு கை அகலம், ஒரு கை அகலம் என்று பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக உரித்திருந்தார்கள். முழுச் சுற்றும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தபோது, மேலிருந்து கீழ்வரை விரல் அகலப் பட்டைகூட எங்கேயும் மிஞ்சவில்லை. பை தோளிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்கக்கா! மகளும் பிள்ளையும் சௌக்கியமா?" என்று பின்னாலிருந்து குரல். தையல்காரர். பண்ணையின் பின்பாதியில் வந்த வீடுகளில் இருப்பவர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். "மருமகளுக்கு மூணு நாளா காய்ச்சல்க்கா. முந்தாநாள் வந்து எடுத்தேன். அதோ, அந்த ஓரத்துல, கோடு போட்ட மாதிரி இருக்கு பாருங்க, அது நம்ம கைவேலை. நீங்க சொன்ன மாதிரியே வீட்டைப் பார்த்த பக்கம். நாடா வச்சு அளந்துதான் எடுத்தேன், ஒரு நூல் கூட இல்ல."

வளையத்தை மூடிய கடைசித் துண்டு அதுதான். எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார் மனிதர்! செடியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். திட்ட வேண்டிய ஆள் அவரில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது.

மத்தியானம் அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுவார்.

"வளையமா உரிச்சா மரம் போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமாம்மா? பஸ் ஸ்டாப் வேற. பட்டுப்போய்க் கிளை முறிஞ்சு யார் தலையிலயாவது விழுந்தா பதில் சொல்றது யாரு? வெட்டிடலாம்."

"ஐயா, கொஞ்சம் டைம் குடுங்க. வெயில் காலத்துல எப்படியும் இலை கொட்டும். மறுபடி துளிர்க்குதான்னு பாருங்க. துளிர்க்கலன்னா நானே கோடாலி எடுத்துத் தரேன்."

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். "யாரு உரிச்சாங்கன்னு எழுதணும். பேர் சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து டேங்கரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா கவலைப்படற? இன்னொண்ணு அவிழ்த்து விடு. இந்த வருஷம் பட்டையில விஷம் ஏறிடுச்சுன்னு சொல்லு. ஒரு பய கிட்ட வர மாட்டான்" என்றார்.

"சொல்லலாம்" என்றாள் செடியக்கா. உண்மையில் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், அவள் பேரும் கெடாது, மரத்தையும் தொட மாட்டார்கள். "அப்புறம் அந்தப் பொய் இருபது வருஷம் கழிச்சு என்ன பண்ணுமோ, அதை யார் பார்க்கறது? வேண்டாங்க. ஒண்ணு போதும், சாமி."

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. செடியக்கா மரத்தடிக் கல்லின் மேல் ஏறினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. வீட்டைப் பார்த்த பக்கம்தான் மருந்துன்னு நான் சொன்னேன்ல, அது பொய். நானா கட்டி விட்டது. இந்த மரத்துக்குப் பக்கமும் கிடையாது, திசையும் கிடையாது. அன்னைக்கு ஒரே பக்கமா வெட்டட்டும்னு சொன்னேன். இன்னைக்கு நாலு பக்கமும் வெட்ட வச்சிட்டேன். சுத்தி உரிஞ்சு போச்சு. மரம் சாகப்போகுது. உங்க மேல தப்பு இல்ல, என் மேலதான்."

நடுவில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் அடித்துப் பார்த்தார். யாரும் ஏறவில்லை. அவரும் இறங்கி வந்து கூட்டத்தில் நின்றுகொண்டார்.

"அதெப்படிப் பொய்யாகும்? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டே வேளையில காய்ச்சல் விட்டுச்சே!" என்று சாலைப்புறத்து வீட்டம்மாள் சண்டைக்கு வந்தாள். பொய் சொன்னவளே பொய் என்கிறாள், கேட்டவள் விட மாட்டேன் என்கிறாள். செடியக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

தையல்காரர் மட்டும் சத்தம் போடவில்லை. முகம் கறுத்துப்போய் முன்னால் வந்தார். "அப்போ மூணு நாளா என் மருமகளுக்கு நான் என்னத்தக் குடுத்துக்கிட்டு இருக்கேன்?"

"பட்டை கசப்புதான், சில பேருக்குக் கேக்கும். ஆனா மூணு நாள் ஆகியும் விடலன்னா அது மரத்து வேலை இல்லங்க. ரத்தம் பார்க்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் அவர். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

உட்கார்ந்து அழ நேரமில்லை. முன்பு எப்போதோ, எலி அடிப்பட்டையைக் கடித்துவிட்ட ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுற்றி இளங்கன்றுகளை நட்டு, அவற்றின் தலையைக் காயத்துக்கு மேலே மரத்தோடு ஒட்டுக் கட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். காயத்தைத் தாண்டிப் பாலம் போட்ட மாதிரி. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டிய கைதான். ஆனால் அவை சட்டியில் இருக்கிற சின்னக் கன்றுகள். இது ஒரு யானை. அதுவும் தோள் உயரத்துக்கு மேல் எட்டுகிற கன்றுக்கு எங்கே போவது?

கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. இந்த இனத்துக் கன்றுகளுக்கு ஒரு சனியன் உண்டு: குருத்துப்புழு. நுனிக்குருத்தைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். கன்று நேரே போகாமல் இரண்டாகக் கிளைத்து வளரும். பலகைக்கு வளர்க்கிறவர்கள் நேர்க்கம்பு வேண்டுமென்று இவற்றைக் கையால் தொட மாட்டார்கள். அப்படி ஒதுக்கியவை மூன்று வருஷமாகக் கொட்டகை மறைவில் நின்று, பையைக் கிழித்துத் தரையில் வேர்விட்டு, ஆளுயரத்துக்கு மேல் கோணல் மாணலாக எழும்பியிருந்தன. எல்லாம் அந்தத் தாய்மரத்தின் பிள்ளைகள்தான். அவற்றில் ஒன்பதை வேரோடு மண்ணோடு தோண்டச் சொன்னாள். கடப்பாரை பிடித்த டேங்கர், "வயசான காலத்துல என்னைக் கொல்லு" என்று ஒவ்வொரு குழிக்கும் ஒருமுறை சொன்னார். ஆனால் ஒரு குழியையும் ஆழம் குறைத்துத் தோண்டவில்லை.

மரத்தைச் சுற்றி ஒன்பது கன்றையும் நட்டாள். உரிந்த இடம் காயாமல் களிமண் பூசி ஈரச்சாக்கு சுற்றினாள். கன்றின் நுனியை உளி மாதிரி சாய்வாகச் சீவி, காயத்துக்கு மேலே நல்ல பட்டையில் கீறல் போட்டு அதற்குள் செருகி, சின்ன ஆணி அடித்து, மெழுகு பூசினாள். இரண்டு நாள் வேலை ஓடி, மூன்றாவது கன்றுக்கு வந்தபோது கட்டுவதற்குத் துணி தீர்ந்துபோயிற்று. சணல் இறுகினால் அறுத்துவிடும். என்ன செய்வதென்று நிமிர்ந்தபோது, ஒரு மூட்டையோடு தையல்காரர் நின்றிருந்தார்.

"வெட்டுத்துணி. இழுத்தா நெகிழும், அறுக்காது" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மருமகளுக்கு மலேரியாவாம். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க. காலைல எழுந்து கஞ்சி குடிச்சா."

"அப்பாடா" என்று செடியக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மரத்துக்காக வராத அழுகை அப்போது வந்தது. அவர் துணியை நாடா அகலத்துக்குக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். கடைசி ஐந்து கட்டும் அவர் கையாலேயே கட்டினார். கட்டு என்றால் அதுதான் கட்டு! ஆனால் பேச்சு அத்தோடு சரி. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பஸ்ஸுக்கு வருவார், கட்டுகளைச் சுற்றிப் பார்ப்பார், போய்விடுவார்.

செடியக்கா அதிகாரியிடம் போய், பட்டை உரித்தவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "முதல்ல துளிர்க்கட்டும்" என்றார்.

இரண்டு கன்று முதல் மாதமே வாடிப்போயின. ஏழு நின்றன. வெயில் ஏற ஏற மரம் இலை கொட்ட ஆரம்பித்தது. எல்லா வருஷமும் கொட்டுவதுதான், ஆனால் இந்த வருஷம் ஒவ்வொரு இலையும் அவளுக்குப் பகீர் என்றது. கடைசியில் மொட்டைக் கிளைகள் மட்டும் நின்றன. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர் காட்டுகிற மரம். பதினைந்து நாள் ஆயிற்று. இருபது ஆயிற்று. சாலையோரத்து மற்ற மரமெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்க, இது மட்டும் அசையவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு, "என்னக்கா?" என்று கண்ணாலேயே கேட்பார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "மரத்துக்கு முன்னாடி நீ போயிடுவ போலிருக்கே" என்று டேங்கர் திட்டினார்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பண்ணைக்குள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளை வாசலிலிருந்து ஒரு சத்தம் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! அக்காவ்! ஓடியாங்க!"

தையல்காரர்தான். தலையை அண்ணாந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார். செடியக்கா ஓடினாள். அவளுக்குக் கண்பார்வை அவ்வளவு தூரம் எட்டாது. "எங்க? எங்கங்க?" என்று பதறினாள். "அந்த உச்சிக்கிளையில. அதோ, இந்தக் கிளையிலயும். அட, எல்லாத்துலயும்தான்க்கா!" என்றார். கண்ணை இடுக்கிப் பார்த்தபோது அவளுக்கும் தெரிந்தது. கிளை நுனியெல்லாம் பொடிப்பொடியாகத் துளிர். எட்டு மணிக் கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. சாலைப்புறத்து வீட்டம்மாள் கைதட்டினாள். செடியக்காவுக்கு நெஞ்சில் ஐந்து மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போயிற்று. மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ் வந்து கூட்டம் ஏறிப்போன பிறகும் தையல்காரர் போகவில்லை.

"உங்க மேல எனக்குக் கோவம்தான்க்கா" என்றார். "மரத்துக்காகப் பொய் சொன்னீங்க, சரி. வெட்டாதீங்கன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்லலையா? முதல் வருஷம் பூரா தொண்டை கிழியச் சொன்னேங்க. பலகை எழுதி வச்சேன். வேலி போட்டேன். ஒருத்தர் காதுல வாங்கல."

"அது அவங்க. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க. நாங்க குடி வந்து ஆறு வருஷம் ஆச்சு." அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார். "எங்ககிட்ட நீங்க ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கலையே."

செடியக்கா யோசித்துப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. அந்த மூன்று பக்கத்து வீடுகளில் ஒருவரிடம்கூட அவள் அதைக் கேட்டதில்லை.

"இப்ப கேக்கறேன்" என்றாள். "வெட்டாதீங்க."

"சரிக்கா" என்றார் தையல்காரர். அவ்வளவுதான். கடை திறக்க நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.